மூணுல எதுல வருது

அந்தக் கறுப்புக் கோட்ட மடியில வச்சுக்கிருங்க தம்பி. கம்பியில தொங்கவிட்டா கண்டக்டர் போக வர உரசி அழுக்காக்கிருவான். மதுரைக்குத்தான? ஐகோர்ட்டுக்கா? நல்லதாப் போச்சு. நானும் அங்கதான் வாரேன். கேஸ் போடப் போறேன். ஒரு இன்ஸ்பெக்டர் மேல.

அந்தாளு பேரு அருள்வாசகம். எங்க ஊரு ஸ்டேஷன். எந் தம்பி காளிராசு செத்ததுக்கு அந்தாளு ஒருத்தன்தான் காரணம். அவன் தோள்ல இருக்க நட்சத்திரத்தக் கழட்டிப் பாக்காம நான் கண்ண மூட மாட்டேன். இத மொதல்லயே சொல்லிருதேன். பெறகு, இந்தம்மா என்ன சொல்ல வாரான்னு நீங்க தலையச் சொறியக் கூடாது பாருங்க.

சரி, நீங்க படிச்சவுக. போலீஸ்காரன் உதவிக்குக் கூப்பிட்டா நம்ம போகணும்னு ஒரு சட்டம் இருக்குல்ல? தலைய ஆட்டுதீங்க. எதுக்கெல்லாம் போகணும்? பாத்தீங்களா, முழிக்கீங்க. எனக்குத் தண்ணிபட்ட பாடு. மூணே மூணு சங்கதிக்குத்தான். கைது பண்ண வேண்டிய ஆளப் பிடிக்க, இல்ல அவன் தப்பி ஓடாமத் தடுக்க. அது ஒண்ணு. கலகம் கிலகம்னா அத அடக்க. அது ரெண்டு. பொதுச் சொத்துக்கு எவனாவது சேதம் பண்ண வந்தா அதத் தடுக்க. மூணு. முடிஞ்சு போச்சு. அதுல தீன்னு இல்ல. வெள்ளம்னு இல்ல. உசுரக் காப்பாத்தணும்னும் இல்ல. வேணும்னா ஆபீஸ்ல போயிப் புத்தகத்தப் புரட்டிப் பாருங்க.

நான் எப்பிடி இதப் படிச்சேன்னா, அந்தாளு படிக்க வச்சான்.

கோவில்பட்டிக்குக் கெழக்க, மொளகா வத்தலுக்குப் பேரு போன ஊரு எங்க ஊரு. எம் பேரு சீனியம்மா. எனக்குத் தண்ணி லாரி இருக்கு. எங்க வீட்டுக்காரர் போனப்பெறகு அதுதான் எனக்குப் புருசன், பிள்ள எல்லாம். காளிராசுதான் ஓட்டுவான். எனக்கும் அவனுக்கும் வயசு ரொம்ப வித்தியாசம். நான் தூக்கி வளத்த பய. கல்யாணம் முடிச்சு ஒரு பொம்பளப் பிள்ள அவனுக்கு. பய எப்பிடின்னா, ரோட்டுல எவன் வண்டி நின்னாலும் இவன் எறங்கித் தள்ளுவான். ஏம்ல உனக்கு இந்த வேலன்னு நான் வைவேன். சிரிப்பான்.

போன சித்திரையில அவன் மகளுக்குக் காது குத்து வச்சிருந்தோம். சம்பந்தகாரங்க மொத்தப் பேரும் வந்தாச்சு. மண்டபத்துத் தொட்டியில சொட்டுத் தண்ணி இல்ல. நான்தான் காளிராச ஓட்டச் சொல்லி லாரியில ஏறி, ரொப்பிக்கிட்டு வாரேன். பஜாருக்குள்ள நொழையுதோம், மூக்கு எரியுது. தும்முறான், இருமுறான், ஊரே கண்ணக் கசக்கிக்கிட்டு ஓடுது. வத்தக் கிட்டங்கி ஒண்ணு, சரக்கு அடுக்கி வைக்கிற குடோனு, தீப்பிடிச்சிருச்சு. பெரிய யாவாரி ஒருத்தர் கிட்டங்கி. மூட மூடயா வத்தல் எரிஞ்சா எப்பிடியிருக்கும்னு உங்களுக்குச் சொன்னாத் தெரியாது. கண்ணுக்குள்ள வத்தப்பொடியத் தூவுன மாதிரி இருக்கும்.

தீயணைப்பு வண்டி வந்துச்சு, அதுல இருந்த தண்ணி தீந்துபோச்சு. அந்த இன்ஸ்பெக்டரு நடுரோட்டுல வந்து என் லாரிய மறிக்கான். வண்டியத் திருப்புங்கான். சார், இது விசேச வீட்டுத் தண்ணி, எறக்கிட்டு அடுத்த நடை வாரோம்னு சொன்னேன். மரியாதயாத்தான் சொன்னேன். அதுக்கு அந்தாளு, பஜார் பூரா பாக்க, லத்திய என் மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கிட்டுச் சொன்னான்.

“ஏம்மா, சட்டம் தெரியுமா உனக்கு? போலீஸ் கூப்பிட்டா வரணும். வரலன்னா தூக்கி உள்ள வச்சிருவேன். எறங்கு கீழ.”

என்னைய எறக்கிவிட்டுட்டான் தம்பி. என் லாரியில இருந்து என்னைய. பட்டுச் சேலையோட ரோட்டுல நிக்கேன். டீக்கடையில இருந்தவன், பூ விக்கிறவ, செருப்புத் தைக்கிறவரு, எல்லாரும் பாக்காக. இந்தப் பய காளிராசாவது மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல? “உள்ள ஆளு மாட்டிக்கிட்டு இருக்காம் அக்கா, போயிட்டு வந்துருதேன்”னு வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டான். ஆமா, உள்ள மூட தூக்குற ரெண்டு பேரு இருந்தாங்களாம். அவங்கதான் வெளிய வந்துட்டாங்கல்ல. அதப்பத்தி இப்ப என்ன.

மண்டபத்துல கை கழுவத் தண்ணி இல்ல. சம்பந்தகாரங்க எச்சிக் கையோட எந்திரிச்சுப் போயிப் பக்கத்துப் பெட்டிக்கடையில சோடா வாங்கிக் கழுவுறாங்க. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? தண்ணி லாரிக்காரி வீட்டு விசேசம்.

அதோட போச்சா? லாரிய அந்தக் கிட்டங்கிச் சொவரு ஓரமா, மூடியத் தொறந்து போட்டு நிறுத்தியிருக்காங்க. கூர சரிஞ்சு எரிஞ்ச வத்தலும் வெதையுமா டேங்குக்குள்ள விழுந்து ஊறிப்போச்சு. புளி போட்டுத் தேச்சேன். சாம்பல் போட்டுத் தேச்சேன். வேப்பெல, சுண்ணாம்பு, ஒண்ணையும் விடல. எறங்கித் தேச்ச காளிராசுக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சு, ராத்திரி பூரா தேங்காண்ணெயத் தடவிக்கிட்டுக் கெடந்தான். ஆனா எம்புட்டுக் கழுவியும் தண்ணியக் குடிச்சா கடைசியில தொண்டையில ஒரு காரம் நிக்கும். டீக்கடைக்காரன் நிப்பாட்டுனான். பள்ளிக்கூடத்துல நிப்பாட்டுனாங்க. சீனியம்மா தண்ணி வாங்குனா கொழம்புக்கு வத்தல் போட வேண்டாம்னு பஜார்ல கேலி. கட்டடத்துக்கு, சிமிட்டி கொழைக்கத்தான் என் தண்ணி போச்சு. அந்தாளுக்கு அந்த யாவாரி பொன்னாட போத்துனாரு. பேப்பர்ல போட்டோ வந்துச்சு. அதுல ஒரு ஓரத்துல என் லாரியோட பின் டயரும் இருந்துச்சு.

நான் அழுகல. நமக்குச் சட்டம் தெரியாதுன்னுதான சொன்னான், தெரிஞ்சுக்கிருவோம்னு நெனச்சேன். நோட்டரி ஆபீஸ்ல டைப் அடிக்கிற பால்துரைகிட்டப் போயி உக்காந்தேன். அவன்தான் புத்தகத்த எடுத்து வாசிச்சுக் காட்டுனான். மூணு சங்கதி. அதக் கேட்டதும் எனக்கு வயித்துல பால் வாத்த மாதிரி இருந்துச்சு. கிட்டங்கி யாரு சொத்து? யாவாரி சொத்து. பொதுச் சொத்தா? இல்ல. அப்ப அந்தாளு என்னைய எறக்கிவிட்டது சட்டத்துல இல்ல. பால்துரை இழுத்தான். “அக்கா, இது மட்டும்னு இல்ல. தீ, வெள்ளம்னா அதுக்குத் தனியா வேற சட்டம் இருக்கு. கலெக்டருக்கு அதிகாரம் இருக்கு”ன்னான். இருந்துட்டுப் போகட்டும், போர்டுல அதுக்கெல்லாம் எடம் இருக்காதுன்னுட்டேன்.

என்ன போர்டுன்னா கேக்கீங்க? லாரி டேங்குக்குப் பின்னால எழுதுறதுதான். எல்லாரும் தாய் தந்தை துணைன்னு எழுதுவாங்க. நான் ஆர்ட்டிஸ்ட்டக் கூப்பிட்டு, கறுப்புல மஞ்ச எழுத்து, தூரத்துல வாரவனுக்கும் தெரியணும்னு சொல்லி எழுதச் சொன்னேன். “போலீஸ் கூப்பிட்டால் எதற்குப் போக வேண்டும்?” கீழ வரிசையா அந்த மூணும். அதுக்கும் கீழ, “வேறு எதற்கும் போக வேண்டியதில்லை.” காளிராசு பாத்துட்டு, “ஏங்க்கா இது, எடுத்துருவோம்”னான். வண்டிய ஓட்டுறது மட்டும் உன் வேல, எழுதுறது என் வேலன்னு சொல்லிட்டேன்.

அந்த லாரி சுத்தாத தெரு கெடையாது. ஒரு மாசத்துல ஊருக்கே மனப்பாடம். மொதல்ல ஆட்டோக்காரன் ஆரம்பிச்சான். ஒரு குடிகாரன் ரோட்டுல கெடக்கான், ஆசுபத்திரியில விட்டுட்டு வாடான்னு ஏட்டு கூப்பிட்டிருக்காரு. அவன் கால ஆட்டிக்கிட்டு, “சார், மூணுல எதுல வருது?”ன்னுட்டான். எனக்கு அன்னைக்குச் சோறே எறங்கல, சந்தோசத்துல. பெறகு பொங்கிருச்சு. மாரியம்மன் கோயில் கொடை விழாவுக்குக் கூட்டத்தத் தடுக்கச் சவுக்குக் கம்பு கேட்டாங்க. மூணுல எதுல வருது? ரோட்டுல மரம் சாஞ்சு கெடக்கு, ரெண்டு ஆள் கை குடுங்கப்பான்னாங்க. மூணுல எதுல வருது? மகசர்ல சாட்சிக் கையெழுத்துப் போட ஆள் இல்ல. பைபாஸ்ல கார் கவுந்து கெடக்கு, கடப்பாரை குடுக்க ஆள் இல்ல. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக கூட வாத்தியார் கரும்பலகையத் தொடைக்கச் சொன்னா, மூணுல எதுல வருது சார்னு கேட்டு அடி வாங்குச்சுக. அந்தாளு ஜீப்புல போகும்போது பஜார்ல எவனாவது மெதுவாச் சொல்லுவான். அந்தாளு திரும்பிப் பாக்க மாட்டான். காது மட்டும் செவக்கும். நான் அதப் பாக்குறதுக்குன்னே டீக்கடை பெஞ்சுல உக்காந்திருப்பேன்.

அந்தாளு மெலிஞ்சுபோனான் தம்பி. பொய் சொல்லல. பெல்ட்டுல ஓட்ட போட்டுக்கிட்டுத் திரிஞ்சான்.

புரட்டாசியில என்னையத் தேடி வந்தான். தனியா, வீட்டுக்கு. “அக்கா, அந்த எழுத்த அழிச்சிருங்க. ஆபத்துன்னா ஒருத்தர் கூட வர மாட்டேங்காங்க. ஸ்டேஷன்ல இருக்கதே கொஞ்சம் பேரு, நாங்க மட்டும் என்ன செய்ய முடியும்?”ன்னான். அம்மா போயி அக்கா வந்திருச்சு, கவனிச்சீங்களா. என்னைய எங்க வச்சுப் பேசுனீகளோ அங்கன வச்சுக் கேளுங்கன்னேன். கேட்டான். மறுநாளே வந்து, அதே எடத்துல, தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, “அன்னைக்கு நான் பேசுனது தப்பு, மன்னிச்சிருங்க”ன்னான். பஜாரே கையில இருந்ததப் போட்டுட்டு வந்து பாத்துச்சு.

மன்னிச்சேன். எழுத்த அழிக்கல. மன்னிப்புக் கேக்கணும்னு சொன்னேனே தவிர, அழிச்சிருதேன்னு நான் வாக்குக் குடுக்கலையே. காளிராசு அன்னைக்கு ராத்திரி லாரியிலயே போயிப் படுத்துக்கிட்டான்.

ஐப்பசியில மழ பிடிச்சது. எங்க ஊருக்கு மேக்க ஒரு ஓட இருக்கு. வருசம் பூரா கருவேலம் முள்ளும் வெயிலுமா கெடக்கும். தரப்பாலம் ஒண்ணு அதுல போகுது. அன்னைக்கு மத்தியானம் எங்கயோ மேல கொளம் ஒடஞ்சு, ஓட கொள்ளாம செவசெவன்னு வருது. கிடை போட வந்த ஆட்டுக்காரர் ஒருத்தர், ராமநாதபுரத்துப் பக்கம், ஆடுகளப் பத்திவிட்டுட்டு இவரு பாலத்து நடுவுல குத்துக்கல்லப் பிடிச்சிக்கிட்டு நிக்காரு. அந்தாளும் ஒரே ஒரு போலீஸ்காரனும் ஜீப்புல வந்தாங்க. அந்த ஓரத்துல, வேடிக்க பாக்க அம்புட்டுக் கூட்டம். யாராவது வாங்கப்பான்னு கத்துறான். கூட்டம் நிக்கிது.

காளிராசு மட்டும் எறங்கியிருக்கான். அந்த வழியா லாரியில வந்த பய, லாரியில கெடந்த இழுவக் கயித்த எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு எறங்கிட்டான். மறு நுனிய அந்தாளும் போலீஸ்காரனும் பிடிச்சிருக்காங்க. ஆட்டுக்காரரக் கொண்டாந்து கரையில தள்ளிட்டான். இவன் ஏறப்போற நேரத்துல ஒரு மரம் அடிச்சுக்கிட்டு வந்து இவன் மேல மோதி, பழையபடி நடுவுல போயி கல்லுல செருகிக்கிட்டான். ரெண்டு பேரு பலத்துல இழுக்க முடியல. ஜேசிபி வந்திருந்தா அந்தக் கைய நீட்டித் தூக்கியிருக்கலாம். எட்டுற தூரம்தான். ஜேசிபி ஜெயக்கொடி கூப்பிடு தூரத்துல இருந்தான். அந்தாளு ஒரு கையில கயித்தப் பிடிச்சுக்கிட்டே போன் போட்டுக் கெஞ்சியிருக்கான். ஜெயக்கொடி கேட்டிருக்கான், “மூணுல எதுல வருது சார்?”

ஜெயக்கொடி மேல எனக்குக் கோவம் இல்ல. அவன் போர்டப் படிச்சவன். சட்டப்படி கேட்டிருக்கான். பதில் சொல்ல வேண்டியது யாரு? நீங்களே சொல்லுங்க. தரப்பாலம் யாரு சொத்து? பொதுச் சொத்து. வெள்ளம் அத அரிச்சுக்கிட்டு இருக்கு. பாலத்துக்குச் சேதம் வருது, மூணாவதுல வருது, எடுத்துக்கிட்டு வாடான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவன் வந்திருக்கணும். வரலன்னா கேஸு. அதச் சொல்லத் தெரியாம கெஞ்சியிருக்கான். சட்டம் தெரியாதவனுக்கு எதுக்குக் காக்கிச் சட்ட? என்ன, ஆளு சேதம் பண்ண வந்தாத்தான் செல்லுமா? வெள்ளம் வந்தா செல்லாதா? அத நீங்க கோர்ட்டுல பேசிக்கிருங்க. அதுக்குத்தான கோட்டுப் போட்டிருக்கீங்க.

ரெண்டாவது பாயிண்டு. எந் தம்பிய எதுக்குக் கூப்பிட்டான்? ஆட்டுக்காரரத் தூக்குறது மூணுல எதுல வருது? எதுலயும் வரல. சட்டத்துல இல்லாத வேலைக்கு என் வீட்டுப் பிள்ளைய எறக்கியிருக்கான். அத நல்லா அழுத்தி எழுதணும்.

அந்தாளு கடைசி வரைக்கும் கயித்த விடலையாம். கயிறு உள்ளங்கையத் தோலோட உரிச்சிருச்சாம், அந்தாளும் இடுப்பளவு தண்ணிக்குள்ள இழுபட்டுப் போயிட்டானாம், கூட இருந்த போலீஸ்காரன்தான் கட்டிப் பிடிச்சு நிறுத்தினானாம். கயிறு அந்துதான் போச்சு, அவரு விடலன்னு ஊரே சாட்சி சொல்லுது. இப்பவும் ரெண்டு கையிலயும் கட்டு. சோத்தப் பெசஞ்சு திங்க முடியாதாம். எனக்கு வந்து சொல்லுதாங்க. அவனுக்குக் கை போச்சுன்னா எனக்குத் தம்பி போயிட்டான்ல. எழவுக்கு வந்தான். வாசல்ல கட்டோட நின்னான். ஆட்டுக்காரரும் நின்னாரு. ரெண்டு பேரையும் வெளக்கமாத்த எடுத்து வெரட்டிட்டேன்.

என்ன கேக்கீங்க? எனக்குத் தகவல் சொல்லலையான்னா?

போன் வந்துச்சு.

அந்தாளுதான் பண்ணான். ஜெயக்கொடி மாட்டேன்னதும் அடுத்து எனக்குத்தான் அடிச்சிருக்கான். டீக்கடையில உக்காந்திருக்கேன், மழைக்கு ஒதுங்கி நல்ல கூட்டம். அந்தாளு நம்பர்னு பாத்ததும் எல்லாரும் கேக்கட்டும்னு ஸ்பீக்கர்ல போட்டேன். “அக்கா, நீங்க சொன்னாத்தான் ஜெயக்கொடி கேப்பான், ஒரு ஆளு தண்ணிக்குள்ள மாட்டிக்கிட்டான், ஜேசிபிய அனுப்பச் சொல்லுங்க அக்கா”ன்னு மூச்சு வாங்க வாங்கச் சொல்லுதான். மழச் சத்தம், தண்ணிச் சத்தம். நான் கடையப் பூரா ஒரு பார்வ பாத்துட்டு, நிதானமாக் கேட்டேன்.

“மூணுல எதுல வருது இன்ஸ்பெக்டரே?”

கட விழுந்து விழுந்து சிரிக்கிது. டீ ஆத்துறவன் கிளாசக் கீழ வச்சுட்டுச் சிரிக்கான். என்னைய ரோட்டுல எறக்கிவிட்டதுக்கு அன்னைக்குத்தான் தம்பி எனக்கு மனசு ஆறுச்சு. அந்தாளு, “அக்கா, அது”ன்னு என்னமோ ஆரம்பிச்சான். வச்சுட்டேன். திருப்பி அடிச்சான். எடுக்கல. அடிக்க விட்டு, போன எல்லாருக்கும் காட்டிக்கிட்டு இருந்தேன். அது பாட்டுக்கு அடிச்சு அடிச்சு ஓஞ்சுது.

ஒரு ஆளுன்னான் தம்பி. ஒரு ஆளுன்னா யாருன்னு எனக்குத் தெரியும்? பேரச் சொல்ல வேண்டாமா? காளிராசுன்னு மொதல் வார்த்தையாச் சொல்லியிருந்தா நான் செருப்புக் கூடப் போடாம ஓடியிருக்க மாட்டேனா? ஜெயக்கொடி வீட்டு வாசல்ல விழுந்து காலப் பிடிச்சிருக்க மாட்டேனா? பேரச் சொல்லாம யாரோ ஒரு ஆளுன்னா, யாரோ ஒரு ஆளுக்கு எவ வருவா?

அத மட்டும் நல்லா எழுதுங்க. பேரச் சொல்லலன்னு.